டிப்பெக்ஸ் பூசிய பலகை

நாவற்குடா,
08.09.2024

அன்புள்ள வதனிக்கு,

மூன்று வாரமாக உன் இலக்கத்துக்கு எடுக்கிறேன், மணியே அடிக்கவில்லை. பனிச்சங்கேணியில் சிக்னல் இல்லையாக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு கம்சாயினிக்கு எடுத்துக் கேட்டேன். "பெரியம்மா, அம்மா உங்கட நம்பர புளொக் பண்ணி வச்சிரிக்கா. நான் சொன்னதாச் சொல்லிராதங்க" என்றாள் உன் மகள். அவள் சொன்னதாகச் சொல்லக்கூடாது என்பது இப்போதுதான் நினைவு வருகிறது. எழுதியாயிற்று. இனி அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும்.

கடைசியாக உனக்குத் தபாலில் எழுதியது எந்த வருடம் என்று யோசித்தேன், பிடிபடவில்லை. தபால் கந்தோரில் முத்திரை கேட்டபோது அந்தப் பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தது.

உன் விருந்தாளி அறைகளுக்கு நீ மாட்டின பெயர்ப் பலகை விஷயத்துக்கு வருகிறேன். நான் செய்ததற்குக் காரணம் இருந்தது, அதை நீ கேட்கவேண்டும். வாழைச்சேனையிலிருந்து பாசிக்குடாவுக்குத் திரும்பும் வீதியில் எத்தனை பலகை நிற்கிறது என்று உனக்குத் தெரியும். ஒரு இடத்தில் ரூம்ஸ், ஒரு இடத்தில் சைக்கிள்ஸ், ஒரு இடத்தில் ஜூஸஸ். எல்லாவற்றிலும் கடைசி எஸ்ஸுக்கு முன்னால் ஒரு அப்பொஸ்ரபி, எழுத்துக்கு மேலே தொங்கும் அந்தச் சின்னக் குறி. பஸ்ஸில் போகும்போது நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வேன். ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்று சொல்ல எஸ் மட்டும் போதும். அப்பொஸ்ரபி வந்தால், ஒன்றில் 'இன்னாருடையது' என்று பொருள். அல்லது இரண்டு சொல்லை நெருக்கி ஒன்றாக்கும்போது விழுந்துபோன எழுத்துக்குப் பதிலாக நிற்கிறது என்று பொருள். இவ்வளவுதான் சட்டம். முப்பத்தைந்து வருடமாக இதைத்தான் கரும்பலகையில் எழுதினேன்.

அந்தப் பிழை என் சொந்தத் தங்கச்சியின் வாசலில், உன்னவர் அழகரத்தினம் தோணிக்குப் பூசும் நீலப் பெயின்றில், ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும்போது, நான் எப்படி அதைக் காணாத மாதிரி நின்று நீ காய்ச்சிய பாலைக் குடிப்பது? கைப்பையில் பிழை அழிக்கும் வெள்ளை மை, டிப்பெக்ஸ், இருந்தது. எடுத்தேன், பூசினேன். ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது உண்மை. அதற்காக வருந்துகிறேன்.

இனி, கேட்க வேண்டிய விஷயம். வருகிற தை இருபத்துநாலாம் திகதி எனக்கு அறுபது. அன்றோடு பள்ளிக்கூடம் முடிகிறது. இந்த வீட்டுக்காரர் யோசேப்பு ஐயாவின் மகள் றெபேக்காவுக்குக் கல்யாணம் சரிவந்துவிட்டது, மாசியில். நான் பதினொரு வருடம் குடியிருந்த இந்த வீடுதான் அவளுக்குச் சீதனம். நம்முடைய பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. மகள் கல்யாணம் முடித்தால் வீடு மகளுக்கு, பெற்றவர்கள் பின்வளவில் ஒரு சின்ன வீட்டுக்கு. பெற்றவர்களுக்கே அந்தப் பாடு என்றால் வாடகைக்கு இருப்பவளைப் பற்றிக் கேட்கவேண்டுமா? தை முடிய வெளிக்கிடச் சொல்லிவிட்டார்.

பனிச்சங்கேணிக்கே வந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். வாவிப் பக்கம் இருக்கும் பின்னறை எனக்குப் போதும். நீ ஓம் என்றால் ஆயத்தம் செய்வேன். எனக்கு வேறு போக்கிடம் இல்லை, அதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அக்கா,
மங்கையற்கரசி


பனிச்சங்கேணி,
22.09.2024

அக்காவுக்கு வதனி எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. தபால்காரர் மோட்டச்சைக்கிளை நிற்பாட்டி, "என்னகா, கோட்டு வழக்குக் கடிதமா?" என்று கேட்டார். இல்லை, அக்காவின் கடிதம் என்றேன். "ரெண்டும் ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் அன்றைக்குப் பால் காய்ச்சிய இடத்தில் நின்றவர்.

போனில் கதைக்க மாட்டேன். கதைத்தால் நீங்கள் இடையில் புகுந்து என் வசனத்தைத் திருத்துவீங்கள். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் நீங்கள் பேசாமல் இருக்கத்தான் வேணும். நான் எழுதுவது பேச்சும் எழுத்தும் கலந்துதான் வரும். அதையும் சுற்றி வட்டம் போட வேண்டாம்.

அன்றைக்கு நடந்ததை இஞ்ச நிண்ட நான் சொல்றன், கேளுங்க. ரெண்டு வருசமாக நானும் இவரும் கல் சுமந்து கட்டின ரெண்டு அறை. முதல் விருந்தாளி ஒரு ஜேர்மன் புருசனும் பெண்சாதியும். தெருவில் இருந்த பெண்டுகள் எல்லாம் வந்திருந்தார்கள். பலகையில் என்ன எழுதுறது என்று நான் கடுதாசியில் எழுதிக் கொடுக்க, இவர் மூன்று நாள் குந்தியிருந்து பெயின்ற் அடித்தவர். பால் பொங்குகிற நேரம் நீங்கள் கதிரையில் ஏறினீங்கள். ஏதோ பூ கட்டத்தான் ஏறுறீங்கள் என்று நினைச்சு நான் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். நீங்கள் கைப்பையைத் திறந்து அந்தச் சின்னப் போத்தலை எடுத்தீங்கள்.

"டீச்சர் பிழை பிடிச்சிட்டா" என்று ஒருத்தி சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கதிரையையும் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பின்னேரம் கம்சாயினி பலகைக்குக் கீழே நின்று பார்த்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா, நாலு அப்பொஸ்ரபி இருந்தது, பெரியம்மா நாலையும் அழிச்சிட்டா. உங்கட பேருக்குப் பக்கத்தில இருந்தது சரியானது. வதனியோட வீடு எண்டு வாறத்துக்கு அது இரிக்கத்தான் வேணும்." அறைக்கும் சாப்பாட்டுக்கும் நண்டுக்கும் நான் வைத்தது பிழையாக இருக்கட்டும். என் பெயருக்கு வைத்தது என்ன பிழை செய்தது? பெரிய டீச்சர், என் வாசலில் ஏறி நின்று, என் ஆட்களுக்கு முன்னால், என் வீடு எனக்கு இல்லை என்று பூசிவிட்டு இறங்கி வந்தீங்கள். இறங்குகிறபோது என் தோளைத்தான் பிடித்தீங்கள்.

பலகையை அடுத்த நாளே கழட்டிவிட்டேன். இப்போது அது ஆட்டுக்கொட்டிலுக்குக் கதவு.

பின்னறையைப் பற்றிக் கேட்டிருந்தீங்கள். இந்த வீடு எனக்கே எவ்வளவு காலம்? கம்சாயினிக்கு வாகரையில் ஒரு இடம் பேசுகிறோம். சரிவந்தால் வீடு அவளுக்கு. நான் உங்களுக்கு எதை எடுத்துத் தாறது? இல்லை எண்டும் சொல்லல்ல, ஓம் எண்டும் சொல்லல்ல.

நானும் ஒருக்கா இதே கேள்வியை உங்களிடம் கேட்டனான். உங்களுக்கு அயத்துப்போயிருக்கும், எனக்கு மறக்கல்ல.

வதனி


நாவற்குடா,
03.10.2024

அன்புள்ள வதனிக்கு,

நாலாவது அப்பொஸ்ரபி விஷயம் உண்மைதான். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு கம்சாயினி அனுப்பிய பழைய படத்தைப் பார்த்தேன். உன் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது சரியான இடத்தில்தான் இருந்தது. கை வேகத்தில் பூசிவிட்டேன். இப்படி ஒன்றை ஒரு மாணவி செய்திருந்தால் கொப்பியைத் தூக்கி எறிந்திருப்பேன்.

ஆனால் உன் வீடு உனக்கு இல்லை என்று நான் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அது அநியாயம். தொண்ணூற்றாறில் உனக்குக் கல்யாணம் பேசி வந்தபோது அப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "மூத்தவள் நீ இரிக்க, இளையவளுக்கு வீட்ட எழுதினா ஊர் என்ன சொல்லும்?" நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "வதனிக்கு எழுதுங்க அப்பா, எனக்கு உத்தியோகம் இரிக்கு" என்றேன். பத்திரம் எழுத நொத்தாரிசு வீட்டுக்கு நானும் வந்தேன். சாட்சியாகக் கையெழுத்தும் வைத்தேன். வீட்டை உனக்கு விட்டுத்தந்தவள் அதைத் திரும்பப் பறிக்கவா கதிரையில் ஏறுவாள்?

ஆங்கிலத்தில் ஒரு விசித்திரம் உண்டு. வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். அவனுடையது, அவளுடையது, அதனுடையது என்று சொல்லும் சொற்களுக்கு அப்பொஸ்ரபி கிடையாது. பிள்ளைகள் 'இற்ஸ்' என்பதற்கு வைத்துவிட்டு அடி வாங்கும் இடம் அதுதான். "ஏன் டீச்சர் அதுக்கு மட்டும் இல்ல?" என்று கேட்பார்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே சொந்தம் இருக்கிறது, வெளியில் வேறு அடையாளம் வைக்கத் தேவையில்லை என்று சொல்லுவேன். நமக்குள்ளும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். நம் வீடு என்று சொன்னால் போதும் என்று.

யோசேப்பு ஐயா றெபேக்காவின் கல்யாண அழைப்புக் காட்டை அச்சுக்குக் கொடுக்க முன் என்னிடம் காட்டினார். இரண்டு பிழை இருந்தது. உன் கடிதம் வந்த அன்று பார்த்ததால், "வடிவாயிருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நானூறு காட் அடித்தாகிவிட்டது. உனக்காக நான் இவ்வளவாவது மாறியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

நீ என்னிடம் எதையோ கேட்டதாக எழுதியிருக்கிறாய். எனக்கு நினைவில்லை. நீ கேட்டு நான் மறுத்தது என்று ஒன்று இருக்க முடியாது, வதனி. கேட்டிருந்தால் செய்திருப்பேன்.

மங்கையற்கரசி


பனிச்சங்கேணி,
20.10.2024

அக்கா,

கேட்டிருந்தால் செய்திருப்பேன் என்று எழுதியிருக்கிறீங்கள். இதோடு ஒரு கடுதாசி வைத்திருக்கிறேன். வாழைச்சேனைக்குப் போய் படி எடுத்தது. மூலம் என்னிடம் இருக்கும், அதைத் தர மாட்டேன்.

தொண்ணூறாம் ஆண்டு மாசி மாதம் நான் உங்களுக்கு எழுதினது. எனக்குப் பதினேழு வயது. ஓ.எல். பாஸ் பண்ணிவிட்டேன். மேலே படிக்க இங்கே பள்ளிக்கூடம் இல்லை. நீங்கள் டவுணில் அறை எடுத்துப் படிப்பிக்கத் தொடங்கி ஒரு வருடம். தமிழில் எழுதினால் சின்னப்பிள்ளை என்று நினைப்பீங்கள் என்று, அகராதியை வைத்துக்கொண்டு நாலு நாள் இருந்து இங்கிலீசில் எழுதினேன். அக்காவின் வீட்டுக்கு வர விரும்புகிறேன். நிலத்தில் படுப்பேன். சமைத்துத் தருவேன். உடுப்புத் தோய்ப்பேன். படிக்க மட்டும் விடுங்கள். இதுதான் அதில் இருந்தது.

பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. உறையைப் பிரித்தால் என் கடிதமே திரும்பி வந்திருந்தது. பதினேழு இடத்தில் சிவப்பு. அக்காவின் வீடு என்று நான் எழுதிய இடத்தில் அந்தக் குறியை விட்டிருந்தேன். அதைப் பெரிதாகச் சுற்றி, எழுத்துக்கு மேல் கொசு குந்தின மாதிரி ஒன்றை வைத்திருந்தீங்கள். அடியில், அப்பொஸ்ரபியில் கவனம் தேவை என்று இங்கிலீசில் ஒரு வரி. அதற்குக் கீழே மாணவர் கொப்பிக்கு வைக்கிற மாதிரி உங்கள் கையெழுத்து, திகதி. வேறு ஒன்றும் இல்லை. வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். உறையைக் கிழித்துக்கூடப் பார்த்தேன்.

அம்மா கேட்டா, "அக்கா என்ன எழுதியிரிக்கா?" "சுகமாம்" என்று சொன்னேன்.

அதுக்குப் பிறகு எஸ் எழுத்து எங்கே வந்தாலும் அந்தக் கொசுவை வைத்துவிடுவேன். விட்டால்தானே பிழை, கூடப் போட்டால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். முப்பத்துநாலு வருசமாக அப்படித்தான். மருந்துத் துண்டில், கம்சாயினியின் பள்ளிக்கூட வவுச்சரில், கடைசியாக அந்தப் பலகையில். நீங்கள் பூசி அழித்தது நீங்கள் படிப்பித்ததைத்தான்.

ஆனி மாதம் சண்டை திரும்பத் தொடங்கினது. ஊரே வெளிக்கிட்டது. அதுக்கு மறுகா நான் படிக்கவே இல்லை. ஓடுகிறபோது எடுத்த பையில் மூன்று சட்டையும் இந்தக் கடுதாசியும் இருந்தது. ஏன் எடுத்தேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

வீட்டை விட்டுத்தந்தேன் என்று எழுதியிருக்கிறீங்கள். எனக்கு வீடு வேணும் எண்டு நான் கேக்கவேயில்ல அக்கா. நான் கேட்டது வேற.

வதனி


நாவற்குடா,
10.11.2024

அன்புள்ள வதனிக்கு,

பதில் எழுத மூன்று வாரம் எடுத்தது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதல் இரண்டிலும் பொய் இருந்தது.

கையெழுத்து என்னுடையது, சிவப்பு மையும் என்னுடையது. திருத்தி அனுப்பியது எனக்கு மெய்யாகவே மறந்துபோயிருந்தது. நீ எழுதியதை வாசித்தது மறக்கவில்லை. அதை வேறு எங்கோ படித்த கதை மாதிரி உள்ளே தள்ளி வைத்திருந்தேன். படியைக் கையில் எடுத்ததும் அந்த அறை அப்படியே முன்னால் வந்துவிட்டது.

அக்காவுக்குப் பிழை மட்டும்தான் கண்ணில் பட்டது, கேட்டது விளங்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். அப்படியே நினைக்க விடுவது எனக்கு வசதி. உண்மை அது இல்லை. முதல் வாசிப்பிலேயே எல்லாம் விளங்கியது. அந்த அறையில் இரண்டு கட்டில் இருந்தது. என்னோடு இருந்த டீச்சர் அதற்கு முந்திய மாதம்தான் மாற்றலாகிப் போனார். மற்றக் கட்டில் சும்மா கிடந்தது. இடம் இருந்தது, வதனி. நீ நிலத்தில் படுக்கத் தேவையே இருந்திருக்காது.

பனிச்சங்கேணி வீட்டில் ஒன்பது பேர் ஒரு விறாந்தையில் வரிசையாகப் படுத்தோம். உடுப்பு மாற்ற ஒரு சேலையை இழுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். இருபத்துநாலு வயதில்தான் நான் உள்ளே நின்று பூட்டக்கூடிய ஒரு கதவைக் கண்டேன். அந்த அறைக்குள் போய்ப் பூட்டிவிட்டுச் சும்மா நிற்பேன். நீ வந்தால் உன்னைப் பார்க்க அம்மா வருவா, மருந்தெடுக்க அப்பா வருவார், திரும்பவும் ஒன்பது பேர். அந்தப் பயம்தான். வா என்று எழுத மனம் வரவில்லை. வராதே என்று எழுதத் துணிவில்லை. சிவப்புப் பேனையை எடுத்தால் இரண்டையும் எழுதாமல் தப்பலாம் என்று கண்டுபிடித்தேன். பிழையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எழுதின ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அன்றைக்குப் பழகினது, பிறகு விடவேயில்லை.

வீட்டை உனக்கு எழுதச் சொன்னதைப் பெருமையாகச் சொன்னேன். ஊரும் என்னைப் புகழ்ந்தது. பெருந்தன்மை இல்லை அது. உன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுச் செய்த வேலை. ஏன் வெட்கம் என்று என்னை நானே கேட்காமல் இருந்துகொண்டேன்.

பின்னறையைப் பற்றி இனிக் கேட்க மாட்டேன். கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? கல்லடியில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஓர் அறை தருவதாகச் சொல்லியிருக்கிறார். குசினியும் கிணறும் பொது. தை முடிய அங்கே போகலாம் என்று இருக்கிறேன்.

நீ தொண்ணூறில் கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை. முப்பத்துநாலு வருடம் பிந்திவிட்டது, இருந்தாலும் எழுதுகிறேன். வா என்று நான் எழுதியிருக்க வேண்டும். நீ வந்திருக்க வேண்டும். படித்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கேட்கிறேன்.

அக்கா


பனிச்சங்கேணி,
04.12.2024

அக்கா,

வெள்ளம் வந்த செய்தி கேள்விப்பட்டிருப்பீங்கள். வயல் வட்டை முழுக்கத் தண்ணி, விதைத்தது எல்லாம் போச்சு. வீட்டுக்குள் முழங்கால் அளவு ஏறியது. உங்கள் கடிதம் நனைந்து, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காய விட்டேன். ஆடுகள் தப்பிவிட்டன.

கடிதத்தை முதல் தரம் வாசித்தபோது எனக்கு வந்த கோபம் பலகைக்கு வந்த கோபத்தை விடப் பெரிது. இடம் இருந்ததா? அக்காவுக்கு இடம் இல்லை, ஒரு அறைக்குள் நாலு டீச்சர்மார் நெரிந்துகொண்டு இருந்திருப்பாங்க, பாவம், அதை எழுதக் கூச்சப்பட்டிருப்பா என்று நினைத்துத்தான் இவ்வளவு காலமும் உங்களை மன்னித்து வைத்திருந்தேன். அதையும் பறிச்சுப்போட்டீங்க. நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் கன்னத்தில் ஒன்று தந்திருப்பேன். அக்கா என்றும் பார்த்திருக்க மாட்டேன்.

அதுக்குப் பிறகுதான் தண்ணி வந்தது. நாலு நாள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒரு வகுப்பறைக்குள் பதினொரு குடும்பம். ஒரு பிள்ளை அழுதால் பத்துப் பிள்ளை அழும். உடுப்பு மாற்ற கம்சாயினி சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஒரு அறை, உள்ளே நின்று பூட்டக் கூடியது, ஒருவரும் கூப்பிடாமல் ஒரு மணித்தியாலம். இவரும் வேணாம், பெத்த பிள்ளையும் வேணாம் என்று இருந்தது. அப்போது உங்கள் கடிதம் எனக்கு விளங்கினது. கோபம் போகல்ல. விளங்கிச்சு.

கம்சாயினிக்கு வாகரைச் சம்பந்தம் சரிவந்துவிட்டது. பெடியன் பெயர் நிதுர்ஷன், நல்ல பிள்ளை, கொஞ்சம் கூடக் கதைப்பான். வைகாசியில் கல்யாணம். வீட்டை அவளுக்கு எழுதுகிறோம். அப்போ நானும் இவரும் அம்மா அப்பா போனது போல பின்வளவுக்குப் போகத்தான் வேணும்.

இவருக்கு உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். எழும்பிப் போய் பின்வளவின் மேற்குப் பக்கத்தில் கயிறு பிடித்து அளந்தார். போன வருசம் ஒரு அறையும் குசினியும் என்று கணக்குப் போட்டு வைத்த இடம் அது. நான் போய்ப் பார்த்தபோது கட்டை நாட்டிக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன், ரெண்டு அறைக்கு நாட்டியிருந்தார். "உங்கட அக்காவுக்கு வாவிப் பக்கம் நல்லதோ, தெருப் பக்கம் நல்லதோ, கேட்டு எழுது" என்றார்.

கல்லடிக்குப் போக வேண்டாம். இஞ்ச வாங்க. வாடகைக்கு இல்லை, விருந்தாளியும் இல்லை. வீடு எழும்பும் வரைக்கும் பின்னறையில் இருங்கள். உங்கள் அறைக்கு உள்பக்கம் பூட்டுப் போடச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் பூட்டிக்கொண்டு இருந்தால் நான் வந்து தட்ட மாட்டேன். சாப்பாட்டுக்கு மட்டும் தட்டுவேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். வாற நேரம் அது வரும். ஆட்டுக்குத் தவிடு வைக்கிற வேலை உங்களுக்கு. இவர் சந்தைத் துண்டில் எழுதுகிற தமிழை நீங்கள் வாசிக்கவே கூடாது. தை முடிய வந்தால் போதும்.

வதனி


நாவற்குடா,
10.12.2024

வதனி,

யோசேப்பு ஐயா படலைக்குள் வந்து, "எங்க டீச்சர் போகப்போறீங்க, யோசிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். தங்கச்சியிடம் என்றேன். "தங்கச்சி வரச் சொன்னாவா?" என்றார். ஓம், எழுதியிருக்கிறாள் என்று சொல்லி உன் கடிதத்தைக் காட்டினேன். அவரிடம் கண்ணாடி இல்லை, வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கல்லடிக்குப் போக வேண்டாம் என்று நீ எழுதிய இடம் வரைக்கும் வாசித்தேன். அதற்கு அடுத்த இரண்டு சொல்லை என்னால் வாசிக்க முடியவில்லை. றெபேக்கா வந்து கையில் இருந்து வாங்கி மிச்சத்தை வாசித்தாள். நான் அவர்கள் இருவருக்கும் முன்னால் நின்று அழுதேன்.

தாதிக்கு அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தை முடிய என்று எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடம் விடுமுறைதான், தையில் மிஞ்சும் சில நாளுக்கு லீவு போட்டுவிடலாம், தை வரைக்கும் நான் ஏன் இங்கே இருக்க வேண்டும்? அழகரத்தினம் அத்திவாரம் வெட்டும்போது நானும் நிற்கிறேன். எந்தப் பக்கம் என்று கேட்டாரே, வாவிப் பக்கம் என்று சொல்.

பூட்டு வேண்டாம் என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். எனக்குப் பூட்டு வேணும். ஆனா அந்த அறையில கட்டில் ரெண்டு போடு.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில வாறன்.

அக்கா